கிளார்க் தம்பதியின் பொம்மைச் சோதனையும் பள்ளிப் பிரிவினை வழக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைப் பொம்மை ஒன்று, பழுப்புப் பொம்மை ஒன்று, நடுவில் ஒரு கறுப்பினக் குழந்தை. அமெரிக்க உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி என்றாலே பலருக்கு இந்தப் படம்தான் நினைவுக்கு வரும். கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைப்பதை எதிர்த்த வழக்கில் சாட்சியமாக வந்த சோதனை அது. 40 ஆண்டுக்கு மேல் நீண்ட அவர்களுடைய வேலையில் அது ஒரு சின்னத் துண்டு. அந்தத் துண்டும் பாடப்புத்தகங்களில் பாதி பிழையோடுதான் சொல்லப்படுகிறது. உளவியல், சட்டம், கல்வியியல் படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை இருக்கிறது. அக்கால அமெரிக்காவில் புழங்கிய "நீக்ரோ", "கலர்டு" என்ற சொற்களை, சோதனையின் வாசகத்தை அப்படியே காட்டவேண்டிய இடங்களில் மட்டும் வைத்திருக்கிறோம்.

இருவரும் யார்?

கென்னத் கிளார்க் 1914இல் பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்தவர். தாய் மிரியம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்து, துணி தைக்கும் பட்டறையில் வேலை செய்து வளர்த்தார். அங்கேயே தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் ஆனார். கறுப்பினப் பையன் என்பதால் மகனைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பச் சொன்னது பள்ளி. மிரியம் ஒப்பவில்லை. நேரே போய் வாதாடி, ஜார்ஜ் வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தார். பிள்ளையின் தோலைப் பார்த்து அவன் படிப்பைத் தீர்மானிக்கும் வழக்கத்தோடு கிளார்க்கின் சண்டை அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

மேமி ஃபிப்ஸ் 1917இல் ஆர்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். தந்தை மருத்துவர். வசதியான குடும்பம்தான்; ஆனாலும் படித்தது கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பள்ளியில். 16 வயதில் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தவரை உளவியலுக்கு மாறச் சொன்னவர், அங்கே மேல்படிப்பில் இருந்த கென்னத். அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஃபிரான்சிஸ் சம்னர் ஹோவர்டில் அப்போது பேராசிரியர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் கென்னத் (1940), இரண்டாமவர் மேமி (1943).

சோதனையை யோசித்தது கென்னத் தானே?

இல்லை. இந்தப் பிழையைத்தான் முதலில் திருத்தவேண்டும். தான் கறுப்பினம் என்பதைக் குழந்தை எந்த வயதில் உணர்கிறது என்ற கேள்வி மேமியின் முதுகலை ஆய்வேட்டில் எழுந்தது. வாஷிங்டன் மழலைப் பள்ளிகளில் கோட்டுப்படங்களைக் காட்டி, "இதில் எது நீ?" என்று கேட்டுச் செய்த ஆய்வு அது. அதை விரிவாக்கத்தான் ரோசன்வால்ட் நிதி உதவித்தொகை கிடைத்தது. பொம்மைச் சோதனையும் வண்ணம் தீட்டும் சோதனையும் அந்தப் பணத்தில் நடந்தவை. அது மேமியின் வேலை, தான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று கென்னத்தே சொல்லியிருக்கிறார். நீதிமன்றத்தில் சாட்சி சொன்னவர் அவர் என்பதால் பெயர் அவர் பக்கம் போயிற்று.

சோதனையில் என்னென்ன இருந்தன? எப்படி நடத்தினார்கள்?

நான்கு பொம்மைகள். இரண்டு பழுப்புத் தோலும் கறுப்பு முடியும் கொண்டவை. இரண்டு வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் கொண்டவை. மற்ற எல்லாம் ஒன்றுபோல்: ஒரே அச்சு, கை, கால், தலை ஒரே நிலை, உடுப்பு என்று வெள்ளை அரைத்துணி மட்டும். சட்டை போட்டிருந்தால் பிள்ளை சட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடும், அதனால்தான் அப்படி. ஹார்லெமின் 125ஆம் தெருவில் இருந்த வூல்வொர்த் கடையில், ஒன்று 50 சென்ட் விலையில் வாங்கியவை. பழுப்புப் பொம்மை கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது.

பாதிப் பிள்ளைகளுக்கு வெள்ளை, பழுப்பு, வெள்ளை, பழுப்பு என்ற வரிசையிலும், மீதிப் பேருக்கு அதைத் திருப்பியும் பொம்மைகளை வைத்தார்கள். ஓரத்தில் இருப்பதையே எடுக்கும் பழக்கம் முடிவைக் கெடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு பிள்ளையிடம் ஒவ்வொன்றாக எட்டு வேண்டுகோள்:

1. உனக்கு விளையாடப் பிடித்த பொம்மையைக் கொடு.
2. நல்ல பொம்மையைக் கொடு.
3. பார்க்க மோசமாக இருக்கும் பொம்மையைக் கொடு.
4. நல்ல நிறமாக இருக்கும் பொம்மையைக் கொடு.
5. வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி இருப்பதைக் கொடு.
6. கலர்டு குழந்தை மாதிரி இருப்பதைக் கொடு.
7. நீக்ரோ குழந்தை மாதிரி இருப்பதைக் கொடு.
8. உன்னை மாதிரி இருக்கும் பொம்மையைக் கொடு.

முதல் நான்கும் விருப்பத்தை அளப்பவை. ஐந்து முதல் ஏழு வரை, பிள்ளைக்கு வேறுபாடு தெரிகிறதா என்று பார்ப்பவை. எட்டாவது, தன்னை எங்கே வைத்துப் பார்க்கிறது என்பதற்கு.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும்?

முடிவே மாறிவிடும். முன்னோட்டத்தில் தன்னை அடையாளம் காட்டும் கேள்வி முன்னால் வந்தபோது, பழுப்புப் பொம்மையைக் காட்டி "இதுதான் நான்" என்று சொன்ன சில பிள்ளைகள், அடுத்துக் கேட்ட விருப்பக் கேள்விக்கும் அதையே நீட்டினார்கள். ஏற்கெனவே "நான்" என்று சொல்லிவிட்ட ஒன்றை எப்படி மட்டமென்று சொல்வது? அது உண்மை விருப்பம் ஆகாது என்று கண்டுதான் விருப்பக் கேள்விகளை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று இணையத்தில் உலவும் பல "பொம்மைச் சோதனை" காணொளிகளில் இந்த ஒழுங்கு இல்லை. சிலவற்றில் கேட்பவரே தலையாட்டி விடையை இழுத்துவிடுகிறார். அவற்றை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

எத்தனை பிள்ளைகள்? என்ன முடிவு?

3 முதல் 7 வயது வரையிலான 253 கறுப்பினப் பிள்ளைகள். 134 பேர் ஆர்கன்சாவில் ஹாட் ஸ்பிரிங்ஸ், பைன் பிளஃப், லிட்டில் ராக் ஊர்களின் பிரிக்கப்பட்ட பள்ளிகளில் இருந்தவர்கள். 119 பேர் மாசசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தவர்கள்.

வெள்ளைக்காரக் குழந்தை மாதிரி இருப்பதைக் கேட்டபோது 94 சதவீதம் பேர் வெள்ளைப் பொம்மையைக் கொடுத்தார்கள். கலர்டு குழந்தை என்றதும் 93 சதவீதம் பேர் பழுப்பை எடுத்தார்கள். ஆக, தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல வழியில்லை. "நீக்ரோ" என்ற சொல்லுக்கு மட்டும் அது 72 ஆகக் குறைந்தது; சின்னப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் பழக்கமில்லை.

விளையாட வெள்ளைப் பொம்மை வேண்டும் என்றவர்கள் 67 சதவீதம். வெள்ளையே நல்ல பொம்மை என்றவர்கள் 59. வெள்ளையே நல்ல நிறம் என்றவர்கள் 60. மோசமாக இருப்பது பழுப்பு என்றவர்கள் 59, வெள்ளை என்றவர்கள் 17. மீதிப் பேர் விடை சொல்லவில்லை. கடைசிக் கேள்வியில் 66 சதவீதம் பேர் பழுப்பைக் காட்டித் தன்னைப் போல் என்றார்கள், 33 சதவீதம் பேர் வெள்ளையைக் காட்டினார்கள்.

"மூன்றில் ஒரு கறுப்பினக் குழந்தை தன்னை வெள்ளையாக நினைத்தது" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். அந்த 33 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரியும். கிளார்க் தம்பதி பிள்ளைகளைத் தோல் நிறத்தால் மூன்றாகப் பகுத்திருந்தார்கள். கருந்தோல் பிள்ளைகளில் 81 சதவீதமும் நடுத்தர நிறத்தவரில் 73 சதவீதமும் பழுப்பைத் தன்னைப் போல் என்றார்கள். வெளிர்தோல் பிள்ளைகளில் 20 சதவீதம்தான். பொம்மையில் இரண்டே நிறம் இருக்கும்போது, கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும் பிள்ளை எதைக் காட்டும்? கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லியிருக்கிறது. வயதும் சேர்கிறது: 3 வயதில் 36 சதவீதம் பேர் பழுப்பைக் காட்ட, 7 வயதில் அது 87 ஆகிறது. பிள்ளை வளர வளரத் தன்னைச் சரியாக அடையாளம் காண்கிறது.

இந்தச் சோதனையின் கனம் எட்டாவது கேள்வியில் இல்லை. பழுப்புதான் தன் நிறம் என்று தெரிந்த பிள்ளையே, அதே பொம்மையைப் பார்க்க மோசமானது என்று சற்றுமுன் கொடுத்திருக்கிறது. முதல் நான்கு விடைகளையும் எட்டாவதையும் ஒரே பிள்ளையின் தாளில் சேர்த்து வைத்துப் படிக்கும்போதுதான் அது தைக்கும்.

பிள்ளைகள் எப்படி நடந்துகொண்டார்கள்?

எண்களைவிட இது கென்னத் கிளார்க்கை அதிகம் உலுக்கியது. விருப்பக் கேள்விகள் முடிந்து "உன்னை மாதிரி இருப்பதைக் கொடு" என்ற இடம் வந்ததும் மாசசூசெட்சில் சில பிள்ளைகள் அழுதார்கள். அறையை விட்டு ஓடினார்கள். ஒரு பிள்ளை, தன் முகம் தீயில் கருகிக் கெட்டுப்போய்விட்டது என்று காரணம் சொன்னது. ஆர்கன்சாவில் ஒரு சிறுவன் சிரித்துக்கொண்டே பழுப்புப் பொம்மையைக் காட்டி, கறுப்பர்களை இழிவாக அழைக்கும் சொல்லைச் சொல்லி, தானும் அதுதான் என்றான். அழுத பிள்ளைகளைவிடச் சிரித்த அந்தப் பையன்தான் தன்னை அதிகம் கலங்கவைத்தான் என்று கிளார்க் பின்னர் சொன்னார். முடிவுகள் 1940 வாக்கிலேயே கையில் இருந்தும் அச்சுக்குக் கொடுக்க இருவரும் தயங்கினார்கள். பொம்மைச் சோதனைக் கட்டுரை 1947இல்தான் வந்தது.

வண்ணம் தீட்டும் சோதனை எதற்கு?

பொம்மையில் இரண்டே நிறம் என்ற குறையை நிரப்ப. ஒரு தாளில் இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி, ஒரு பையன், ஒரு பெண் ஆகியவற்றின் வெளிக்கோடு இருக்கும். கூடவே 24 கிரேயான் கொண்ட பெட்டி. முதலில் இலையையும் பழங்களையும் எலியையும் தீட்டச் சொல்வார்கள். இலைக்குப் பச்சை எடுக்கும் பிள்ளைக்கு நிறம் பற்றிய தெளிவு இருக்கிறது என்று பொருள். கண்டபடி தீட்டும் பிள்ளையின் தாள் கணக்கில் சேராது. அதன் பிறகு பிள்ளை பையன் என்றால் பையன் படத்தைக் காட்டி, "இது நீ, உன் நிறத்தைத் தீட்டு" என்பார்கள். கடைசியாக, எதிர்ப்பாலின் படத்தை உனக்குப் பிடித்த நிறத்தில் தீட்டு என்பார்கள்.

5 முதல் 7 வயது வரையிலான 160 பிள்ளைகள் இதைச் செய்தார்கள். பிடித்த நிறமாக 48 சதவீதம் பேர் பழுப்பையும் 37 சதவீதம் பேர் வெள்ளையையும் எடுத்தார்கள். மீதி 15 சதவீதம் பேர் மனிதத் தோலுக்குச் சம்பந்தமே இல்லாத நிறத்தைத் தீட்டினார்கள். இலையைப் பச்சையாகவும் ஆப்பிளைச் சிவப்பாகவும் கோட்டுக்கு உள்ளே தீட்டிய அதே பிள்ளை, தன்னைப் போன்ற ஒரு உருவத்துக்கு வந்ததும் தடுமாறியது என்பதுதான் கவனிக்கவேண்டியது.

இது நீதிமன்றத்துக்குள் எப்படி வந்தது?

1896இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் பிளெசி தீர்ப்பு, பிரித்து வைத்தாலும் வசதி சமமாக இருந்தால் சட்டத்துக்கு உட்பட்டதே என்றது. தெற்கு கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில் அந்தச் "சமம்" எப்படி இருந்தது என்றால், 1949-50இல் வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு 179 டாலர், கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பேருந்துதான். அதற்கே ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் நிலையத்து வேலையையும், அவர் மனைவி எலைசா விடுதிப் பணியையும் இழந்தார்கள். அந்தப் பெயரிலேயே பிரிக்ஸ் எதிர் எலியட் வழக்கு நடந்தது.

வெறும் வசதிக் குறைவைக் காட்டினால் நீதிமன்றம் "புதுக் கட்டடம் கட்டிக்கொடு" என்று முடித்துவிடும். பிரித்து வைப்பதே தீங்கு என்று நிறுவவேண்டும். அதற்காக 1951 பிப்ரவரியில், கறுப்பினத்தவர் உரிமைக்காக வழக்காடிய என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பிரிவின் வழக்கறிஞர் ராபர்ட் கார்ட்டர் கிளார்க்கைத் தேடிவந்தார்.

கிளார்க் பழைய எண்களை மட்டும் நம்பிப் போகவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்ட ஊரிலேயே சோதிக்கவேண்டும் என்று கிளாரண்டனுக்குப் பொம்மைகளோடு போனார். ஸ்காட்ஸ் பிராஞ்ச் பள்ளியில் 6 முதல் 9 வயது வரையிலான 16 பிள்ளைகள். 10 பேருக்கு வெள்ளைப் பொம்மை பிடித்தது. 11 பேர் பழுப்பு மோசம் என்றார்கள். 7 பேர் வெள்ளையைத் தன்னைப் போல் என்றார்கள். 1951 மே மாதம் சார்ல்ஸ்டனில் சாட்சி சொன்னார். மூன்று நீதிபதிகளில் இருவர் பெற்றோருக்கு எதிராகத் தீர்த்தார்கள். மூன்றாமவரான வாட்டீஸ் வேரிங், பிரிவினை என்பதே சமமின்மைதான் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். டெலவேர், வர்ஜீனியா வழக்குகளிலும் கிளார்க் சாட்சி சொன்னார்.

1954 தீர்ப்பு பொம்மைச் சோதனையால் வந்ததா?

அதனால் மட்டும் இல்லை. கன்சாஸ், தெற்கு கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் ஆகிய நான்கு மாநில வழக்குகளைச் சேர்த்து, பிரவுன் எதிர் கல்வி வாரியம் என்ற பெயரில் 1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும், பள்ளிகளில் பிரித்து வைப்பது சட்டத்துக்கு முரண் என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தலைநகர் வாஷிங்டனின் வழக்கை அதே நாளில் தனியாகத் தீர்த்தார்கள். பிரித்து வைப்பது அந்தப் பிள்ளைகளின் மனத்தில் தாழ்வுணர்வை உண்டாக்குகிறது, அது என்றைக்கும் மாறாத வடுவாகிவிடலாம் என்ற தலைமை நீதிபதி வாரனின் வரிக்கு 11ஆம் அடிக்குறிப்பு துணை நிற்கிறது. அதில் ஏழு படைப்புகள். முதலில் இருப்பது கிளார்க்கினுடையது, ஆனால் 1947 பொம்மைக் கட்டுரை அல்ல. 1950இல் வெள்ளை மாளிகையின் குழந்தைகள் மாநாட்டுக்காக, முன்முடிவும் பாகுபாடும் பிள்ளைகளின் ஆளுமையை எப்படிப் பாதிக்கின்றன என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி எழுதிய அறிக்கை. "பொம்மைச் சோதனையைத் தீர்ப்பு மேற்கோள் காட்டியது" என்று எழுதுபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. கிளார்க், இசிடோர் செயின், ஸ்டுவர்ட் குக் மூவரும் எழுதி, மொத்தம் 32 சமூக அறிவியலாளர் கையொப்பமிட்ட அறிக்கை 1952 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தாக்கலானது. அது பொம்மைகளை நம்பி நிற்கவில்லை. பலருடைய பல ஆய்வுகளையும் அடுக்கிக் காட்டியது. எங்கள் கருத்தில், சட்ட மாணவர் ஒருவர் படிக்க நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் இந்த அறிக்கையைப் படிக்கவேண்டும்.

சேர்ந்து படித்த வடக்குப் பிள்ளைகளின் முடிவு தெற்கைவிட மோசமாக இருந்ததாமே?

ஆம், உண்மை. பழுப்பு மோசம் என்றவர்கள் தெற்கில் (ஆர்கன்சா) 49 சதவீதம், வடக்கில் (மாசசூசெட்ஸ்) 71. விளையாட வெள்ளை வேண்டும் என்றவர்கள் தெற்கில் 62, வடக்கில் 72. தெற்கின் தரப்பில் வாதாடிய ஜான் டேவிஸ் இதையே எடுத்து உச்ச நீதிமன்றத்தில் வீசினார்: பிரித்து வைப்பதுதான் தீங்கென்றால், பிரிக்காத ஊரில் ஏன் இப்படி?

கிளார்க்கின் பதில், தெற்குப் பிள்ளை தன் தாழ்நிலையை ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிட்டது, வடக்குப் பிள்ளைக்குள் போராட்டம் இன்னும் வெளிப்படையாக நடக்கிறது என்பது. இது சாத்தியமான விளக்கம்தான். ஆனால் முடிவு எப்படி வந்தாலும் பொருந்துகிற விளக்கம் ஆய்வில் பலவீனமானது. இதை ஒளிக்கத் தேவையில்லை. பள்ளி பிரிந்திருப்பதன் விளைவை மட்டும் தனியே பிரித்தெடுக்கும் அமைப்பு அந்தச் சோதனையில் இல்லை. கிளாரண்டனில் 16 பிள்ளைகள் என்பது மிகச் சிறு எண்ணிக்கை. தன் இனத்தை மதிப்பதும் தன்னையே மதிப்பதும் ஒன்றல்ல என்று உளவியலாளர் வில்லியம் கிராஸ் பின்னாளில் காட்டினார்; பழுப்புப் பொம்மையை ஒதுக்கிய பிள்ளைக்குத் தன்மேல் மதிப்பில்லை என்று தாவிவிடக் கூடாது.

சோதனை காட்டியது, அந்த நாட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கே எந்த நிறம் மேல், எந்த நிறம் கீழ் என்று தெரிந்துவிட்டது என்பதை. அதைக் கற்றுக்கொடுத்தது பள்ளி மட்டும் அல்ல. அந்தப் பாடத்துக்கு அரசு முத்திரை வைத்தது பிரிவினைச் சட்டம். வழக்கின் உயிர் அங்கேதான் இருந்தது.

எதிர்த்தரப்பில் உளவியலாளர் யாரும் வந்தார்களா?

வந்தார், அதுவும் மேமியின் ஆய்வு வழிகாட்டியே. ஹென்றி காரெட், கொலம்பியாவின் உளவியல் துறைத் தலைவராக இருந்தவர், 1946இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைவர். இனங்களுக்கிடையே பிறவியிலேயே அறிவு வேறுபாடு உண்டு என்று நம்பியவர். அது தெரிந்தே மேமி அவரிடம் சேர்ந்து பட்டம் பெற்றார். 1952இல் வர்ஜீனியா வழக்கில் காரெட் பிரிவினைக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னார்.

தீர்ப்பு வந்தபின் ஏன் பள்ளிகள் உடனே மாறவில்லை?

இங்கேதான் கிளார்க்கின் மிக முக்கியமான, மிகவும் மறக்கப்பட்ட வேலை இருக்கிறது. பிரிவினையை நீக்குவதென்றால் எப்படி நீக்குவது என்று கேட்டு, ராணுவம், தொழிற்சாலை, வீட்டுவசதி, பள்ளி என்று ஏற்கெனவே நீக்கிய இடங்களின் அனுபவங்களைத் திரட்டி 1953இல் அவர் ஒரு நீண்ட மதிப்பீட்டை வெளியிட்டார். மெல்ல மெல்லச் செய்தால் எதிர்ப்பு தணியும் என்ற பொது நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. இழுத்துச் செய்த இடங்களில் எதிர்ப்புக்கு அமைப்பு கட்ட அவகாசம் கிடைத்தது. சட்டென்று, தெளிவாகச் செய்த இடங்களில் பெரும்பாலும் அடங்கிப்போயிற்று.

வெற்றிக்கு அவர் ஐந்து நிபந்தனை சொன்னார். தலைமையில் இருப்பவர்கள் கொள்கையை ஐயத்துக்கு இடமில்லாமல் அறிவிக்கவேண்டும். முதல் எதிர்ப்பைக் கண்டு பின்வாங்காமல் உறுதியாக அமல்படுத்தவேண்டும். மீறுபவர்களையும் தூண்டிவிடுபவர்களையும் சட்டத்தால் எதிர்கொள்ளவேண்டும். பள்ளி எல்லைகளை வளைத்து வரைவது போன்ற தந்திரங்களில் அதிகாரிகள் தாமும் இறங்கக் கூடாது, பிறர் செய்தாலும் பொறுக்கக் கூடாது. ஐந்தாவதாக, மக்களின் சமய உணர்வையும் நியாய உணர்வையும் தொட்டுப் பேசவேண்டும். மனம் மாறிய பிறகு நடத்தை மாறும் என்று காத்திருக்காதே, சூழ்நிலையை மாற்று, நடத்தை மாறும் என்பது இதன் சாரம்.

1955இல் அமலாக்கத்துக்காக வந்த இரண்டாம் பிரவுன் தீர்ப்பு, "உரிய நிதானத்துடன் கூடிய விரைவில்" என்று சொல்லி நிறுத்தியது. காலக்கெடு இல்லை. அடுத்து நடந்தது கிளார்க் எச்சரித்ததேதான். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி, சேர்த்துப் படிக்கவைப்பதற்குப் பதில் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே பூட்டிவைத்தது. தீர்ப்புக்குப் பத்தாண்டு கழித்தும், தெற்கின் 11 மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1 சதவீதம்தான். பிள்ளையின் வலியைச் சொன்ன கிளார்க்கை நீதிமன்றம் கேட்டது, மருந்தைச் சொன்ன கிளார்க்கைக் கேட்கவில்லை. உளவியல் வகுப்புகளும் பொம்மையை நடத்திவிட்டு இந்த ஐந்தையும் விட்டுவிடுவது பெரிய இழப்பு.

நார்த்சைடு மையம் என்ன செய்தது?

முனைவர் பட்டம் வாங்கியும் மேமிக்குத் தகுதிக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. 1946இல் தந்தையிடம் 946 டாலர் கடன் வாங்கி, ஹார்லெமின் டன்பார் குடியிருப்பின் அடித்தளத்தில் குழந்தைகள் மையம் ஒன்றைத் தொடங்கினார்; அதுதான் நார்த்சைடு. ஹார்லெமில் குழந்தைகளுக்கு முழுமையான உளவியல் சேவை தந்த முதல் இடம் அது.

அங்கே வந்த பெற்றோர்களின் குறை ஒரே மாதிரி இருந்தது: "பள்ளியில் பிள்ளையை மந்தபுத்தி வகுப்பில் போட்டுவிட்டார்கள்." மேமி அந்தப் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனையைத் தனியாக, முறையாக வைத்தார். பெரும்பாலோர் அந்த வகுப்புக்கான வரம்பான 70க்கு மேலே இருந்தார்கள். முடிவுத்தாளோடு பெற்றோர் பள்ளியிடம் போய், பிள்ளையை வெளியே எடுத்தார்கள். கூடவே படிப்பிலும் கணக்கிலும் பின்தங்கியவர்களுக்கு மையத்திலேயே பாடம் நடத்தினார்கள். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால் அதன் மனத்தை மட்டும் ஆராய்ந்து பயனில்லை, வாசிக்கக் கற்றுக்கொடு என்பது மேமியின் முறை. 1979 வரை அவரே இயக்குநர். 1983இல் மறைந்தார்.

கென்னத் பின்னாளில் என்ன செய்தார்?

வடக்கின் பக்கம் திரும்பினார். நியூயார்க்கிலும் பள்ளிகள் பிரிந்துதான் கிடக்கின்றன, இங்கே அதைச் செய்வது சட்டம் அல்ல, எல்லைக்கோடு என்று 1954இலேயே பேசி நகரக் கல்வி வாரியத்தைச் சங்கடப்படுத்தினார். 1962இல் ஹார்யூ என்ற இளைஞர் திட்டத்தைத் தொடங்கி, ஹார்லெமின் பள்ளி, வேலை, வீடு எல்லாவற்றையும் அளந்து 600 பக்கத்துக்கு மேல் அறிக்கை தந்தார். திட்டம் அரசியல்வாதிகளின் கைக்குப் போனதும் 1964இல் விலகினார். 1970இல் வாஷிங்டன் நகரப் பள்ளிகளுக்கு, மற்றதையெல்லாம் ஒதுக்கி ஓராண்டு வாசிப்பில் கவனம் வைக்கும் திட்டம் ஒன்றை எழுதித் தந்தார். ஆசிரியர் சங்கத்தின் எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது.

நியூயார்க் சிட்டி கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினத்தவர், மாநிலக் கல்வி ஆட்சிக்குழுவின் முதல் கறுப்பின உறுப்பினர் (1966-1986), அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவர் (1970-71) என்று பட்டியல் நீளும். கறுப்பின மாணவர்களே தங்களுக்குத் தனி விடுதி கேட்டபோதும் அதை எதிர்த்து, ஆண்டியாக் கல்லூரியின் ஆட்சிக்குழுவிலிருந்து 1969இல் விலகினார். பிரிவினை யார் கேட்டாலும் பிரிவினைதான் என்பதில் அவர் அசையவில்லை. இதனால் இளைய தலைமுறையிடம் கெட்ட பெயரும் வாங்கினார். முதுமையில் தன் வாழ்க்கையைப் புகழ்மிக்க தோல்விகளின் வரிசை என்று எழுதினார். 2005 மே 1 அன்று மறைந்தார்.

இந்தச் சோதனையைத் தமிழில் செய்து பார்க்கலாமா?

அப்படியே மொழிபெயர்த்துச் செய்தால் கெட்டுப்போகும். நாலாவது கேள்வியை எடுங்கள். "நல்ல கலர்" என்று நம் வீடுகளில் சொன்னாலே வெளுப்பு என்றுதான் பொருள். "பொண்ணு நல்ல கலரா இருக்கா" என்பதைக் கேட்டு வளரும் பிள்ளையிடம் "நல்ல கலர் பொம்மையைக் கொடு" என்றால் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பிள்ளை சொல்லின் பொருளைச் சொல்லும், தன் விருப்பத்தை அல்ல. "உனக்குப் பிடித்த நிறம்" என்று மாற்றவேண்டும், அல்லது அந்தக் கேள்வியை விட்டுவிடவேண்டும். பொம்மைகளும் இரண்டு நிறம் போதாது; நான்கைந்து படிநிலை வேண்டும். கேட்பவரின் தோல் நிறமும் விடையை நகர்த்தும், ஆகவே ஒருவர் மட்டும் கேட்கக் கூடாது.

பெற்றோரின் எழுத்து அனுமதியும் கல்லூரி நெறிக்குழுவின் ஒப்புதலும் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். முடிவில் பிள்ளையை அப்படியே எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். எல்லாப் பொம்மைகளோடும் சற்று நேரம் விளையாடவிட்டு, முகம் தெளிந்தபின் அனுப்புங்கள். காணொளி எடுத்தால் இணையத்தில் ஏற்றாதீர்கள். அழுத பிள்ளை பத்து வருடம் கழித்து அதைப் பார்க்கும்.

அந்தப் பொம்மைகள் இப்போது எங்கே?

அந்தக் காலத்துப் பழுப்புப் பொம்மை ஒன்று கன்சாஸ் மாநிலத்து டொபீகாவில், முன்பு கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியிருந்த மன்ரோ பள்ளிக் கட்டடத்தில் இருக்கிறது. பிரவுன் வழக்கின் நினைவிடமாக அந்தப் பள்ளி 2004 மே 17 அன்று திறக்கப்பட்டது.